ஸ்டென்ட்டா, பைபாஸா, மருந்து மட்டுமா: இந்தத் தேர்வில் இனத்துக்கு எந்த இடம்?

ஆஞ்சியோகிராம் முடிகிறது. இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு இருப்பதாகச் சொல்லும் மருத்துவர், ‘ஸ்டென்ட்டும் வைக்கலாம், பைபாஸும் செய்யலாம், வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள்’ என்று கூறிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார். அதன் பிறகு அந்தக் குடும்பம் திகைத்து நிற்கும் நேரத்தைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். அண்மைக் காலமாக அவர்களுடைய கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ‘தெற்காசியர்களுக்கு ரத்தக்குழாயே சிறியது, ஸ்டென்ட் நிலைக்காது’ என்று ஒருவர் சொல்கிறார். ‘ஆய்வுகள் எல்லாம் வெள்ளையர்களிடம் நடந்தவை, நமக்குப் பொருந்தா’ என்று இன்னொருவர் சொல்கிறார். இவற்றில் எது உண்மை, எது பாதி உண்மை என்று பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பது கடினம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கும் ஸ்டென்ட்டா, அடைப்பைத் தாண்டிப் புதுப் பாதை போடும் பைபாஸ் அறுவையா என்பதை இனம் தீர்மானிப்பதில்லை. அடைப்பு எங்கே, எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்பதும், சர்க்கரை நோய் உண்டா என்பதும், இதயத் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. ஆனால் முடிவெடுத்த பிறகு வரும் பத்தாண்டுகளில் எந்த மாத்திரை, என்ன அளவில், எத்தனை மாதம், எந்தப் பக்கவிளைவைக் கண்காணித்தபடி என்ற கேள்விகள் எழும்போது, இனம் சொல்லும் செய்தி மிகவும் பயனுள்ளது. பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் அதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த ஒப்பீடு நாள்பட்ட, நிலையான அடைப்பு உள்ளவர்களுக்கானது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. மூடிய குழாயை உடனடியாகத் திறப்பது ஒன்றே வேலை, அது எந்த இனத்தவருக்கும் மாறாது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பத்தாண்டுக்குப் பிறகு உயிரோடு இருக்கும் வாய்ப்பு. ஓராண்டு முடிவை மட்டும் பார்த்தால் எல்லா வழிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாடு மூன்றாவது, ஐந்தாவது ஆண்டுகளில்தான் விரியத் தொடங்குகிறது. இரண்டாவது, மறுபடி மாரடைப்போ மறுபடி ஒரு சிகிச்சையோ தேவைப்படும் வாய்ப்பு. மூன்றாவது, தொடக்கத்திலேயே செலுத்த வேண்டிய விலை: பக்கவாதம், காயம், குணமாகும் காலம். நான்காவது, அன்றாடம் விழுங்க வேண்டிய மாத்திரைகளும் அவற்றால் வரக்கூடிய ரத்தக்கசிவும். ஐந்தாவதை எவரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனால் நம் கேள்விக்கு அதுவே மையம்: முடிவைச் சொல்லும் ஆய்வில் நம்மைப் போன்ற உடல்வாகும் நோய்வாகும் கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

‘இனம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பவை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

பிரிட்டனில் 2004 முதல் 2011 வரை ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் குழாயை விரித்து, பெரும்பாலும் ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை) செய்துகொண்ட 2,79,256 பேரின் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அதில் தெற்காசிய வம்சாவளியினர், ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஏறத்தாழ ஐந்து வயது இளையவர்களாக இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மற்றவர்களிடம் அது 15 பேருக்குத்தான். அப்படியானால் தெற்காசியர்களின் முடிவு மோசமாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் வயதையும் சர்க்கரை நோயையும் மற்ற காரணிகளையும் சமன்செய்து பார்த்தபோது இரு பிரிவினரின் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. சிகிச்சை தெற்காசியரைக் கைவிடவில்லை என்பதே இதன் பொருள். நோய்தான் அவர்களிடம் முன்கூட்டியே, அதிகச் சேதத்தோடு வந்து சேர்கிறது.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆனால் மாரடைப்பு அபாயத்தின் பெரும்பகுதியை விளக்கியவை எல்லா நாட்டவர்களிடமும் அதே ஒன்பது காரணிகள்தாம்: புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் காய்கறியும் குறைவான உணவு, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் சார்ந்த நிலை. மர்மமான ‘இன ரத்தம்’ என்று ஒன்றை அங்கே தேட வேண்டியதில்லை.

ரத்தக்குழாய் சிறியது என்ற பேச்சுக்கு வருவோம். தெற்காசியர்களின் இதயத் தமனிகள் சராசரியாகக் குறுகலானவை என்று அளந்து சொன்ன ஆய்வுகள் உண்டு. உடலின் பரப்பளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்தால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. சிறிய உடலுக்குச் சிறிய குழாய், அவ்வளவுதான். ஆனாலும் கேள்வி இதோடு முடிந்துவிடுவதில்லை. ஸ்டென்ட்டுக்கு உடலின் பரப்பளவு தெரியாது. மில்லிமீட்டர் மட்டுமே தெரியும். மூன்றரை மில்லிமீட்டர் குழாயில் வைத்த ஸ்டென்ட்டின் உட்புறத்தில் கால் மில்லிமீட்டர் தடிப்புக்குத் திசு வளர்ந்தால் ரத்தம் ஓட இடம் மிஞ்சுகிறது. இரண்டேகால் மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் அதே தடிப்பு வளர்ந்தால், ரத்தம் ஓடும் குறுக்குப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்துவிடுகிறது. எனவே ‘எங்கள் இனத்துக்குக் குழாய் சிறியதா?’ என்று கேட்பதைவிட, ‘என் குழாயின் அளவு எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்பதே பயன் தரும். ஆஞ்சியோகிராம் படத்தில் அதற்கு விடை இருக்கிறது.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கதை வேறு. பத்து ஸ்டென்ட் ஆய்வுகளில் பங்கேற்ற 22,638 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஐந்தாண்டில் பெரிய இதயப் பாதிப்பு ஏதேனும் வந்தவர்கள் வெள்ளையர்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர். கறுப்பினத்தவரில் சுமார் 24 பேர். மற்ற நோய்களைச் சமன்செய்த பிறகும் இடைவெளி முழுவதும் மறையவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இதே நோய்க்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ பரிந்துரைக்கப்படுவதே குறைவு என்பது 1990-களிலிருந்து திரும்பத் திரும்ப ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. காப்பீடு, தாமதமான பரிந்துரை, வேலையை விட்டு வந்து பார்க்க முடியாத மறுபரிசோதனை ஆகியவை எல்லாம் எந்த மரபணுவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஆனால் பத்தாண்டு முடிவில் அவை பதிவாகிவிடுகின்றன. இதைக் கண்டும் ‘இன வேறுபாடு’ என்ற பெயரில் இயற்கையின் மேல் பழியைப் போடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஒரு விஷயத்தை இடையில் குறிப்பிட வேண்டும். அந்தப் பத்து ஆய்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்கள். ‘ஆசியர்’ என்று குறிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ‘ஆசியர்’ என்ற அந்த ஒரே பெட்டிக்குள் ஜப்பானியர், சீனர், தமிழர், வங்காளியர் எல்லோரும் அடைக்கப்படுகிறார்கள். சர்க்கரை நோயின் சுமையிலும் ரத்தக்கசிவின் தன்மையிலும் ஒருவருக்கொருவர் பெரிதும் மாறுபடும் மக்களை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி எவருக்குமே பொருந்தாது. ‘ஆசியர்களுக்கு முடிவு நன்றாக இருந்தது’ என்ற வரியைப் படித்தால், எந்த ஆசியர் என்று கேட்காமல் நகர வேண்டாம்.

முதல் வழி: ஸ்டென்ட்

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் முதன்முதலாக ஒரு பலூனால் இதயத் தமனியை விரித்தார். இன்று மணிக்கட்டின் வழியே நுழைந்து, மருந்து பூசிய உலோக வலையை வைத்துவிட்டு, பெரும்பாலோரை ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட முடிகிறது. தொடக்க விலை மிகக் குறைவு என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. ஓரிரு இடங்களில் குட்டையான அடைப்பு, சர்க்கரை நோய் இல்லை, குழாய் பருமனானது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

அடைப்பு பரவலாக இருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1,800 பேரிடம் நடந்த சின்டாக்ஸ் ஆய்வின் பத்தாண்டு முடிவு 2019-இல் வெளிவந்தது. மூன்று குழாய்களிலும் நோய் இருந்தவர்களில், ஸ்டென்ட் வைத்துக்கொண்டோரில் நூற்றுக்கு 28 பேரும் பைபாஸ் செய்துகொண்டோரில் 21 பேரும் இறந்திருந்தார்கள். இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான இடது பிரதானத் தமனியில் அடைப்பு இருந்தவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. அந்த ஆய்வு பயன்படுத்தியது பழைய தலைமுறை ஸ்டென்ட் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றைய ஸ்டென்ட்டுகள் அதைவிட நல்லவை.

கிழக்காசியாவில் என்ன நடந்தது? இடது பிரதானத் தமனி அடைப்புள்ள 600 கொரியர்களிடம் நடந்த பிரிகாம்பேட் ஆய்விலும், பெரும்பாலும் கொரியர்களான 880 பேரிடம் புதிய தலைமுறை ஸ்டென்ட்டைக் கொண்டு நடந்த பெஸ்ட் ஆய்விலும், பத்தாண்டு முடிவில் இரு வழிகளுக்கும் இடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. மறுசிகிச்சை மட்டும் ஸ்டென்ட் தரப்பில் அதிகம். ‘கிழக்காசியர்களுக்கு ஸ்டென்ட்டே போதும்’ என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டும் அளவில் சிறிய ஆய்வுகள். நூற்றுக்கு மூன்று நான்கு என்ற அளவிலான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

ஸ்டென்ட்டின் மறைவிலை: அந்த ஒரு மாத்திரை

இனம் உண்மையாகவே பேசும் இடம் இதுதான். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு ரத்தத்தட்டு எதிர்ப்பு மாத்திரையையும் பல மாதங்கள் சாப்பிட்டாக வேண்டும்: நிலையான நோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம், மாரடைப்புக்குப் பின் ஓராண்டு. உலகெங்கும் அதிகம் எழுதப்படும் மாத்திரை குளோபிடோக்ரல். அது விழுங்கும்போது செயலற்ற பொருள். கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றினால்தான் வேலை செய்யத் தொடங்கும். அந்த நொதியின் வேலையைக் குறைக்கும் மரபணு வடிவம் ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் இருக்கிறது. கிழக்காசியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. பிரிட்டனில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 57 பேரிடம் அந்த வடிவத்தின் ஒரு பிரதியாவது இருந்தது. 13 பேரிடம் இரு பிரதிகளும் இருந்தன. இரு பிரதிகளும் உள்ளவர்களுக்குக் குளோபிடோக்ரல் பெரும்பாலும் வெறும் மாத்திரைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010-லேயே இதைக் கட்டமிட்ட எச்சரிக்கையாக மருந்துக் குறிப்பில் சேர்த்தது.

‘அப்படியானால் வலிமையான மாத்திரைக்கு மாறிவிடலாமே’ என்று தோன்றும். கிழக்காசியர்கள் இங்கே வேறொரு பாடம் கற்றுத் தருகிறார்கள். அவர்களுக்கு ஒரே மருந்தில் ரத்தம் உறைவது குறைவாகவும் கசிவது அதிகமாகவும் இருக்கிறது. மருத்துவர்கள் இதைக் கிழக்காசிய முரண் என்றே அழைக்கிறார்கள். 800 கொரிய நோயாளிகளிடம், வலிமையான மாத்திரையான டிகாக்ரிலோரையும் குளோபிடோக்ரலையும் ஒப்பிட்ட ஆய்வில், கவனிக்கத்தக்க ரத்தக்கசிவு ஓராண்டில் முறையே நூற்றுக்கு 11.7 ஆகவும் 5.3 ஆகவும் இருந்தது. இன்னொரு வலிமையான மாத்திரையான பிரசுக்ரலின் வழக்கமான தினசரி அளவு 10 மில்லிகிராம். ஜப்பானில் அது 3.75 மில்லிகிராம்தான். ஒரே மருந்து, ஒரே நோய், மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவு.

இந்தப் பாடத்தை அப்படியே தெற்காசியர்மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நொதியில் ஒற்றுமை இருந்தாலும் சர்க்கரை நோயின் சுமை வேறு. உறைவின் அபாயம் தெற்காசியர்களிடம் குறைவு என்பதற்கு அதே அளவுக்குச் சான்று இல்லை. எனவே தெற்காசியர் ஒருவருக்குச் சரியான வழி, மரபணுப் பரிசோதனை கிடைக்கும் இடத்தில் அதைச் செய்துகொள்வது; கிடைக்காவிட்டால், முந்தைய ரத்தக்கசிவு, சிறுநீரக நிலை, வயது ஆகியவற்றை வைத்து மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் வீட்டில் மருந்துப் பெட்டியைத் திறந்தவுடன் பார்க்கக்கூடியது. வயிற்றெரிச்சலுக்காகப் பலர் தினமும் காலையில் போடும் ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் அதே நொதியின் வேலையைத் தடுக்கின்றன. ஏற்கெனவே மந்தமான நொதி உள்ளவரிடம், குளோபிடோக்ரல் பட்டையும் ஒமிப்ரசோல் பட்டையும் ஒரே டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கலாம்! பான்டோப்ரசோல் போன்ற மாற்று உண்டு; ஒரு வார்த்தை கேட்டால் போதும், மருத்துவர் மாற்றித் தருவார். தானாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ரத்தத்தட்டு எதிர்ப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, உள்ளே ரத்தம் உறைந்து ஸ்டென்ட் ஒரேயடியாக மூடிக்கொள்ள வழிவிடும்.

இரண்டாம் வழி: பைபாஸ்

ஸ்டென்ட் ஒரு புள்ளியைச் சரிசெய்கிறது. பைபாஸ் ஒரு முழுப் பகுதியைத் தாண்டிப் போகிறது. இன்று 70 சதவீத அடைப்பு இருக்கும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே இன்னும் மூன்றாண்டில் புதிய அடைப்பு வந்தாலும், அதற்கும் கீழே தைத்த இணைப்பின் வழியே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை நோயில் குழாய் நெடுகிலும் நோய் படர்வதால், அங்கே பைபாஸ் ஏன் வெல்கிறது என்பதற்கு இதுவே அடிப்படை விளக்கம்.

சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரிடம் நடந்து 2012-இல் வெளிவந்த பிரீடம் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் நூற்றுக்கு 16.3, பைபாஸ் தரப்பில் 10.9. பக்கவாதம் மட்டும் தலைகீழ்: ஸ்டென்ட்டில் 2.4, பைபாஸில் 5.2. இந்த இரு வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். உயிர் பிழைப்பு கூடுகிறது. அதற்கான விலையின் ஒரு பகுதி பக்கவாதமாக, அதுவும் பெரும்பாலும் தொடக்க நாட்களிலேயே வருகிறது.

தெற்காசியர்களில் ஸ்டென்ட் வரை வந்து சேர்பவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்ற எண்ணை இங்கே மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தெற்காசியக் குடும்பங்களில் பைபாஸ் பரிந்துரை அதிகமாக வருவதாகத் தோன்றினால், அதன் காரணம் இனம் அன்று, சர்க்கரை. சர்க்கரை நோயில்லாத, ஒரே குழாயில் அடைப்புள்ள தெற்காசியருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பைபாஸ் இணைப்பு இறங்கித் தைக்கப்படும் இடத்தில் குழாய் ஓரளவு நல்ல நிலையில் இருக்க வேண்டும். திரையில் அந்தப் படத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நல்ல குழாயில் கருமையான சாயம் தடித்த கோடாக இறங்கி, கிளைகளாகப் பிரிந்து, நுனிவரை தெளிவாக ஓடுகிறது; நெடுநாள் சர்க்கரை நோயில் அதே கோடு மணிமணியாக இறுகி இறுகி, நுனியை நெருங்கும்போது நூலிழையாகி மங்கிவிடுகிறது. அந்த நூலிழையில் எங்கே தைப்பது? அத்தகைய நிலையில் அறுவை மருத்துவரே தயங்குவார். அந்தத் தயக்கத்தை மதித்துக் கேட்க வேண்டும்.

எந்தக் குழாயைக் கொண்டு இணைக்கிறார்கள் என்பது, பைபாஸ் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மார்புக்கூட்டின் உட்புறமுள்ள இடது மார்புத் தமனியை முன்பக்க இதயத் தமனியில் இணைத்தால், பத்தாண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கின்றன. காலிலிருந்து எடுத்த சிரையில் பத்தாண்டில் ஏறத்தாழ பாதி மூடிப்போவதாகப் பழைய தொடர் ஆய்வுகள் காட்டின. ஆகவே ‘எத்தனை பைபாஸ்?’ என்பதைவிட ‘எத்தனை தமனி, எத்தனை சிரை?’ என்ற கேள்வி கூடுதல் பொருளுள்ளது.

மறைவிலைகள் பல. அறுத்த மார்பெலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வண்டி ஓட்டுவதும் கனமான பொருளைத் தூக்குவதும் இல்லை. சிரை எடுத்த கால் மாதக்கணக்கில் வீங்கும். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு மார்புக் காயம் சீழ்பிடிக்கும் அபாயம் அதிகம். அன்றாடம் உழைத்துச் சம்பாதிப்பவருக்கு மூன்று மாத ஊதிய இழப்பும் ஒரு மறைவிலைதான். மருத்துவமனை தரும் மதிப்பீட்டில் அது இருக்காது.

மூன்றாம் வழி: மருந்து மட்டும்

இதை ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ என்று எண்ணிவிடுகிறார்கள். 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. நடுத்தரம் முதல் கடுமையான ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களில், தொடக்கத்திலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வதால் இறப்போ மாரடைப்போ குறையவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு மட்டும் வலியில் பெரிய நிம்மதி கிடைத்தது. ஆனால் இடது பிரதானத் தமனியில் கணிசமான அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் சுருங்கும் வலிமை வெகுவாகக் குறைந்தவர்களும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. மருந்துத் தரப்பில் இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டது.

மருந்தை மட்டும் நம்புவோர் இனம் சார்ந்த மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டாடின் ஒரே அளவில் கொடுத்தாலும் ஆசியர்களின் ரத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்கு அளவில் சேர்கிறது. அதனால் அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. ‘ஸ்டாடின் நமக்கு ஆகாது’ என்று இதற்குப் பொருள் இல்லை. குறைந்த அளவிலேயே நல்ல பலன் கிடைக்கலாம் என்று பொருள். இரண்டாவதாக, எனலாப்ரில், ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளால் வரும் வறட்டு இருமல் கிழக்காசியர்களிடமும், அரிதாக முகமும் தொண்டையும் வீங்கும் எதிர்வினை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் அதிகம். மூன்றாவதாக, லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைக் கொழுப்பு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும், அடுத்தபடியாகத் தெற்காசியர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்டாடின் அதைக் குறைப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறை அதை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஸ்டென்ட் | பைபாஸ் | மருந்து மட்டும் |
|---|---|---|---|
| பத்தாண்டு உயிர் பிழைப்பு | ஓரிரு அடைப்புக்கு நன்று. மூன்று குழாய் நோயில் பின்தங்குகிறது | மூன்று குழாய் நோயிலும் சர்க்கரை நோயிலும் முன்னணி | நிலையான நோயில், இடது பிரதானத் தமனி சுத்தமாகவும் இதயம் வலுவாகவும் இருந்தால், இஸ்கீமியா ஆய்வு கண்காணித்த ஆண்டுகளில் மற்றவற்றுக்கு இணை |
| மறுசிகிச்சை | அதிகம் | குறைவு | ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் தேவைப்படலாம் |
| தொடக்க விலை | ஓரிரு நாள் | ஆறு முதல் பன்னிரண்டு வாரம். பக்கவாத அபாயம் கூடுதல் | இல்லை |
| மாத்திரைச் சுமை | இரு ரத்தத்தட்டு எதிர்ப்பு மாத்திரைகள், பல மாதம் | பெரும்பாலும் ஆஸ்பிரினும் ஸ்டாடினும் | பல மாத்திரைகள், ஆயுள் முழுவதும் |
| இனம் தலையிடும் இடம் | குளோபிடோக்ரல் நொதி, ரத்தக்கசிவு, குழாயின் அளவு | சர்க்கரை நோய், நுனிக்குழாயின் நிலை | ஸ்டாடின் அளவு, இருமல், பரம்பரைக் கொழுப்பு |

யாருக்கு எது

சர்க்கரை நோயோடு மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்து, அறுவையைத் தாங்கும் உடல்நிலையும் தைக்கத் தகுந்த குழாயும் இருந்தால் பைபாஸையே தேர்ந்தெடுங்கள் என்பேன்; நோயாளி எந்த இனத்தவர் என்று கேட்காமலே சொல்வேன். குறிப்பாக ஐம்பதுகளில் இருப்பவருக்கு முன்னால் இன்னும் இருபது முப்பது ஆண்டு இருக்கிறது; மூன்று மாத வலிக்கு அஞ்சி அந்த ஆண்டுகளைப் பணயம் வைக்க வேண்டாம்.

அடைப்பின் சிக்கலை அளக்கும் சின்டாக்ஸ் மதிப்பெண் 22 அல்லது அதற்குக் கீழே இருந்து, சர்க்கரை நோயும் இல்லையென்றால் ஸ்டென்ட் தாராளமாகப் போதும். 33-ஐத் தொட்டுவிட்டால் பைபாஸ்தான். இடைப்பட்ட மதிப்பெண்ணில்தான் இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். இருவரில் ஒருவரை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். வயது மிக அதிகம், முன்பே பக்கவாதம் வந்திருக்கிறது, நுரையீரல் பலவீனம் என்றால் தராசு ஸ்டென்ட் பக்கம் சாயும்.

நடந்தால் மட்டும் இலேசாக வலி, இடது பிரதானத் தமனி சுத்தம், இதயத்தின் வலிமை நன்று என்றால் மருந்தோடு தொடங்கி ஆறு மாதம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மருந்தைத் தவறாமல் சாப்பிடுபவருக்கு மட்டுமே இந்த வழி.

எந்த வழியை எடுத்தாலும், நீண்டகால முடிவில் இனங்களுக்கிடையே இடைவெளி விழும் இன்னோர் இடம் இதய மறுவாழ்வுப் பயிற்சி. புலம்பெயர்ந்து வாழும் தெற்காசியர்கள் அதில் சேர்வதும் முடிப்பதும் குறைவு. மொழி புரியாமை, பெண்களுக்குத் தனி நேரம் இல்லாமை, தங்கள் சமையலுக்குத் தொடர்பில்லாத உணவுப் பட்டியல் ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். பயிற்சியைத் தங்கள் மொழியில் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. பல இடங்களில் கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள்.

வீடு திரும்பும் முன் ஐந்து விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என் சின்டாக்ஸ் மதிப்பெண் எவ்வளவு; அடைப்புள்ள குழாயின் அளவு எத்தனை மில்லிமீட்டர்; ஸ்டென்ட் என்றால் எந்த ரத்தத்தட்டு எதிர்ப்பு மாத்திரை, எந்தத் தேதி வரை, என் வம்சாவளியைக் கணக்கில் எடுத்து அது தேர்ந்தெடுக்கப்பட்டதா; பைபாஸ் என்றால் எத்தனை தமனி இணைப்பு; ஸ்டாடின் எந்த அளவில் தொடங்குகிறது. ஆஞ்சியோகிராம் பதிவையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்குப் பிறகு வேறொரு மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.